பல்லைக் கூட்டினால் வேகம் கூடுமா?

பாடலாத்ரி நரசிம்மரின் குடைவரைக் கோயிலால் பெயர் பெற்ற சிங்கப்பெருமாள் கோவிலில், ஜி.எஸ்.டி. சாலையை விட்டு ஒரகடம் மார்க்கமாக ஸ்ரீபெரும்புதூருக்குப் பிரியும் சாலையில், ஷிப்டு மாறுகிற வேளையில் சற்று நின்று பார்ப்பவருக்கு, இந்நாட்டு மோட்டார் சைக்கிள்களின் வம்சாவளி முழுவதுமே கண்முன் ஓடுவதாகத் தோன்றும். அவற்றில் பல பிறக்கிற இடங்களுக்குத்தான் அந்தச் சாலை போகிறது. 1955-ல் திருவொற்றியூரைத் தலமாகக் கொண்டு புல்லட் செய்யத் தொடங்கிய என்ஃபீல்டு, 2013-ல் ஒரகடத்துக்கும் 2017-ல் வல்லம் வடகாலுக்கும் வந்து சேர்ந்தது. அதே வல்லம் வடகாலில் யமஹாவும் 2015 முதல் தொழிற்சாலை நடத்துகிறது. இத்தகைய சாலையை ஒட்டிய மெக்கானிக் கடைகளில் வண்டியின் வேகத்தைப் பற்றிய சம்பாஷணைக்குப் பஞ்சம் இருக்குமா? “அண்ணே, முன்னாடி ஸ்ப்ராக்கெட்டுல ஒரு பல்லு கூட்டிப் போட்டா டாப் ஸ்பீடு பத்து ஏறுமாமே?” என்று ஒரு வாலிபன் கேட்பதும், “ஏறாது தம்பி, இழுவைதான் போகும்” என்று அனுபவஸ்தர் ஒருவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே சொல்வதும் சகஜம். இவ்விருவரில் யார் பக்கம் நியாயம் என்பது ஆராயத் தக்க விஷயம்; ஏனென்றால் வாலிபனுடைய கணக்கிலும் பிழையில்லை.

அந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்ப்போம். ஒரு வண்டியின் டாப் கியரில் எஞ்சின் 5 சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 1 சுற்றுச் சுற்றுகிறது என்றும், சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், எஞ்சின் நிமிஷத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றும்போது வண்டி நிமிஷத்துக்கு 2,000 மீட்டர், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர் ஓட வேண்டும். கியர்பாக்ஸில் பூட்டியிருந்து செயினை இழுக்கும் முன்பக்கப் பல்சக்கரமாகிய ஸ்ப்ராக்கெட்டுக்கு 16 பற்கள், பின்சக்கரத்தில் உள்ள பின்னதற்கு 38 பற்கள் என்று கொண்டு, முன்னதை 17 ஆக்கினால், அதே 5,000 சுற்றுக்கு வேகம் 127.5 ஆகிறது, பின்னதில் இரண்டு பல்லைக் குறைத்து 36 ஆக்கினாலும் ஏறக்குறைய அதே பலன், 126.7. முன்னே ஒரு பல் என்பது பின்னே இரண்டரைப் பல்லுக்குச் சற்றுக் குறைவாகச் சமம். சிறிய மாற்றம் வேண்டுவோர் பின்னதைத் தொடுவதன் காரணம் இதுவே. காகிதத்தின் மேல் எல்லாம் சரி. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்துகொண்டிருக்கிறது: பல்லை மாற்றிய பிறகும் எஞ்சின் அதே 5,000 சுற்றை எட்டும் என்று நாம் கேளாமலே ஒப்புக்கொண்டுவிட்டோம்.

எட்டவிடாமல் தடுப்பது காற்று. நிமிர்ந்து உட்கார்ந்து மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற மனிதனுக்கு எதிராகக் காற்று செலுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும், அதை வெல்லச் செலவாகும் சக்தி வேகத்தின் கனத்துக்கு ஏற்பவும் பெருகுகிறது. 100 கிலோமீட்டரில் ஓடும் வண்டி 110-ஐ எட்ட வேண்டுமானால் காற்றுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு அதிகமான சக்தியைக் கொடுத்தாக வேண்டும். 120-ஐ எட்ட வேண்டுமானால் 73 சதவிகிதம் அதிகம். உச்ச வேகம் என்று நாம் சொல்வது, எஞ்சின் தரக்கூடிய சக்தியும் காற்றும் சாலையும் விழுங்கும் சக்தியும் சமமாகிற அந்த ஒரு புள்ளியைத்தான். ஸ்ப்ராக்கெட் சக்தியை உற்பத்தி செய்வதில்லை. எஞ்சின் எந்தச் சுற்றில் நிற்கும்போது அந்தச் சமநிலை நேர வேண்டும் என்பதை மட்டுமே அது நிர்ணயிக்கிறது.

பழைய இரும்புச் சிலிண்டர் புல்லட் 350-ஐ இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். 346 சி.சி. கொண்ட அந்த எஞ்சினின் சக்தி 18 குதிரை. அது கிடைப்பது நிமிஷத்துக்கு 5,600 சுற்றை ஒட்டி. நிமிர்ந்த ஆசனத்தில் 18 குதிரை சக்திக்குக் காற்று அனுமதிக்கும் வேகமோ 110-ஐ ஒட்டியதுதான். மேலே போட்ட கணக்கின்படி 110-ல் எஞ்சின் சுமார் 4,600 சுற்றில்தான் இருக்கும். உச்ச சக்தியின் வாசலுக்குக்கூட அது இன்னும் வரவில்லை. இந்நிலையில் ஒரு பல்லைக் கூட்டினால் அதே வேகத்தில் எஞ்சின் 4,300 சுற்றுக்கு இறங்கி, கிடைக்கும் சக்தி மேலும் குறைந்து, உச்ச வேகம் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தே போகும். ஒரு பல்லைக் குறைத்தால் சில கிலோமீட்டர் ஏறினாலும் வியப்பதற்கில்லை! வேகம் வேண்டுமென்று பல்லைக் கூட்டியவன் வேகத்தை இழப்பதும், இழுவை வேண்டுமென்று குறைத்தவன் வேகத்தையும் சேர்த்துப் பெறுவதுமாகிய இந்த விசித்திரத்தை ஆடிக் காற்றில் எவரும் பிரத்தியட்சமாகக் காணலாம். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் நோக்கிப் போகிறவனுக்கு ஆடியில் மேல்காற்று முகத்தில் அடிக்கும். 100-ல் ஓடும் வண்டிக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், காற்றுக்காகும் சக்தி 44 சதவிகிதம் கூடிவிடுகிறது. மூன்றாவது கியரில் உற்சாகமாய்ப் போன வண்டி டாப் கியர் போட்டதும் சோர்ந்து பின்தங்குவது அப்போதுதான். பல்லைக் கூட்டிய வண்டிக்கு வருஷம் முழுவதுமே ஆடி மாதம் என்று சொல்லலாம்.

என்றாலும் பல்லைக் கூட்டுகிறவர்கள் அனைவரும் மூடர்கள் அல்லர். உச்ச வேகத்தை நாடாமல், 70, 80 கிலோமீட்டரில் எஞ்சின் பதற்றமின்றி ஓடவும், அதிர்வு தணியவும், நெடும்பிரயாணம் சுகப்படவும் கூட்டுகிறவர்கள் உண்டு. அது நல்ல காரணம். வேகத்தின் பெயரால் அதைச் செய்வதுதான் பிரமை. இதே என்ஃபீல்டு முன்பு செய்த டாரஸ் என்னும் டீசல் புல்லட்டுக்கு 325 சி.சி.யும் ஆறரைக் குதிரை சக்தியுமே; உச்ச வேகம் 65 கிலோமீட்டரை ஒட்டியது. சக்தி பெட்ரோல் வண்டியினதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தும், வேகம் பாதிக்கு மேல் நின்றதைக் கவனித்தால், கனக் கணக்கின் குணம் விளங்கும். சக்தியைப் பாதியாக்கினாலும் வேகம் பாதியாவதில்லை; சக்தியை இரட்டித்தாலும் வேகம் இரட்டிப்பதில்லை.

பந்தயக்காரர்கள் இதை எப்போதோ அறிந்தவர்கள். இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளமாகிய சோழவரத்தில் நடந்துவந்த பந்தயங்களுக்குப் பிறகு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தனிப் பாதை அமைத்தது. நேர்ப் பாதை நீண்டிருக்கும் இடத்தில் ஒரு ஸ்ப்ராக்கெட், வளைவுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் வேறொன்று. ஆகவே பந்தய வண்டியோடு ஸ்ப்ராக்கெட்டுகளும் ஒரு பெட்டியில் வரும். அவர்களுடைய நோக்கம், மிக நீண்ட நேர்ப் பாதையின் முடிவில், பிரேக் பிடிப்பதற்குச் சற்று முன், எஞ்சின் தன் உச்ச சக்தியின் சுற்றைத் தொட்டுவிட வேண்டும் என்பதே. அதற்கு முன்னே தொட்டுவிட்டால் பல் போதாது, தொடவே இல்லையென்றால் பல் மிகுதி.

சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றுவதால் வேகம் ஏறுமா என்பது அடுத்த கேள்வி. ஏறுவது பெரும்பாலும் சத்தம். டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் கதை வேறு: 1985-ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-ன் சிலிண்டர் துவாரங்களைத் திருத்தி, அதற்கேற்ற வயிறு பெருத்த புகைக்குழாயைப் பூட்டினால் மெய்யாகவே சக்தி கூடும். ஆனால் அந்தச் சக்தி உயர்ந்த சுற்றுகளில் வந்து நிற்பதால், அதைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்க ஸ்ப்ராக்கெட்டையும் திருத்த வேண்டிவரும். காசில்லாமல் கிடைக்கும் ஒரே சீர்திருத்தம் ஓட்டுகிறவனின் உடம்பு. டாங்கின் மேல் படுத்தவனுக்கு, நிமிர்ந்தவனுக்கு ஒரு பல்லும் தராத வேகம் கிடைக்கும். சாலையில் அது செய்யத் தக்கதல்ல.

சாலைக்கு வெளியே சக்தியும் உடம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2018-ல் அமெரிக்காவின் பான்வில் உப்புப் பாலைவனத்தில் கேலா ரிவாஸ் என்ற பதினெட்டு வயதுப் பெண், என்ஃபீல்டின் கான்டினென்டல் ஜி.டி. 650-ஐ மணிக்கு 157 மைலுக்கு, அதாவது சுமார் 253 கிலோமீட்டருக்கு, ஓட்டிக் காட்டினார். அந்த வண்டி கடைக்கு வரும்போது 47 குதிரை சக்தி உடையது. எஞ்சினையே பெரிதும் திருத்தி, சுமார் 4,200 அடி உயரத்தின் மெலிந்த காற்றில், உடலை ஒடுக்கி ஓட்டிய பின்னரே அது சாத்தியமாயிற்று. கியர் விகிதம் அந்தச் சக்திக்குப் பின்னே சென்றதேயன்றி முன்னே செல்லவில்லை.

வீட்டு வண்டியைத் திருத்துகிறவர் கவனிக்க வேண்டியவை இரண்டு உள. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மற்றொன்று ஸ்பீடோமீட்டர். அது மெய்யான வேகத்துக்குக் குறைத்துக் காட்டலாகாது, சற்றுக் கூட்டிக் காட்டலாம் என்பது சர்வதேச விதி. ஆகையால் முள் 120-ஐத் தொட்டது என்று பெருமை பேசுகிறவர் மெய்யாகப் போனது 112 ஆக இருக்கக்கூடும். முன்சக்கரத்திலிருந்து வேகத்தை அளக்கும் வண்டியில் ஸ்ப்ராக்கெட் மாற்றம் இந்தப் பிழையைத் தொடுவதில்லை. கியர்பாக்ஸிலிருந்து அளக்கும் வண்டியிலோ, பல்லைக் கூட்டிய பிறகு முள் மெய்யான வேகத்துக்கும் கீழே நின்றுவிடலாம். கைபேசியின் ஜி.பி.எஸ். கொண்டு, பந்தயப் பாதையில், காற்றோடு ஒருமுறையும் காற்றுக்கு எதிரே ஒருமுறையும் ஓடிச் சராசரி எடுப்பவருக்கே தம் வண்டியின் உச்ச வேகம் தெரியும்.