காலில்லாத ஓர் அயற்பிராணி

நீரிற் பிறந்து நிலத்துக்கு ஏறும் பிராணிகளை ஈரூடகவாழிகள் என்பர். வாற்பேத்தை தவளையாவதைக் கண்டிராத மாணவர் இரார். குடம்பிப் பருவத்துச் செவுள் நீங்கி, நுரையீரல் கொண்ட உடல் உருவாகும் இம்மாற்றம் மீறவொண்ணாத விதியோ எனின், அன்று; மெக்சிக்கோ நாட்டு அக்சலோட்டிலே அதற்குச் சான்றாகும்.

மெக்சிக்கோ நகரின் தெற்கே, ஏறத்தாழ 2240 மீற்றர் உயரத்திலே, சொச்சிமில்கோ ஏரியின் எஞ்சிய கால்வாய்களில் அது வாழ்கின்றது. ஒரு சாண் நீளம். தலையின் இருமருங்கும் மும்மூன்றாக இறகு போன்ற செவுள்கள். வாழ்நாள் முழுவதும் குடம்பி வடிவிலேயே இருந்து, அவ்வடிவிலேயே முட்டையும் இடும். 1864ஆம் ஆண்டிற் பாரிசுக்குச் சென்றவற்றின் குஞ்சுகளுட் சில மறு ஆண்டிலே செவுளிழந்து தரைப்பிராணிகளாயின, அறிஞர் திகைத்தனர். 1913இல் லாவுபெர்கர் என்பார் கேடயச் சுரப்பியை இரையாக ஊட்டி அம்மாற்றத்தை வலிந்து உண்டாக்கினார். மாறும் ஆற்றல் அதனுள்ளே உறங்கிக் கிடக்கின்றது என்பதே பொருள். 1998இல் சதுர கிலோமீற்றருக்கு 6000 எனக் கணிக்கப்பட்ட அதன் தொகை, 2014இல் 36 ஆகச் சுருங்கிற்று. நீர் மாசுற்றதும், ஏரியில் விடப்பட்ட அயல்மீன்கள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றதுமே காரணம்.

வாலுடைய இவ்வினத்தைச் சேர்ந்த ஒன்றேனும் இலங்கையில் இல்லை. ஆயினும் அத்தகைய இறகுச் செவுளைக் காண நாம் மெக்சிக்கோவுக்குச் செல்ல வேண்டியதில்லை. சிங்கராஜ வனத்தை அடுத்த கலவானப் பகுதி போன்ற ஈரவலய மண்ணிலே, இலங்கைக்கே உரிய இக்தியோபிசு குளுட்டினோசசு என்னும் காலில்லாத ஈரூடகவாழி வாழ்கின்றது. கருமையான உடல், பக்கத்தில் மஞ்சட் கோடு, உடலெங்கும் வளையங்கள், தோலின் கீழே மங்கிய கண்; மண்புழுவே பேருணவு.

பாசல் நகரத்துச் சரசின் உறவினர் இருவர், போலும் பிறிற்சும், 1880களில் இலங்கையில் தங்கி இதன் கருவளர்ச்சியை ஆராய்ந்தனர். தாய் ஓடைக்கரையில் வளை தோண்டி, முட்டைக் குவியலைத் தன் உடலாற் சுற்றிக் காக்கின்றது. முட்டையினுள்ளே கிடக்கும் கருவின் கழுத்திலும் இருமருங்கும் மும்மூன்று இறகுச் செவுள்கள்! பொரித்தபின் அவை விரைவில் மறைகின்றன. அக்சலோட்டில் ஆயுள் முழுவதும் சுமப்பதை, இது முட்டைக்குள்ளேயே அணிந்து களைந்துவிடுகின்றது. பின்னர்க் குடம்பி, வாற்றுடுப்புடன் ஓடையில் நீந்தி வளர்ந்து, உருமாறி மண்ணுட் புகும்.

இதற்கு நஞ்சுமில்லை, கடித்து ஊறு செய்வதுமில்லை. எனினும் எருக்குவியலிலோ வடிகான் ஓரத்திலோ மண்வெட்டியில் அகப்படின், பாம்பென எண்ணிக் கொன்றுவிடுகின்றனர். தொழிலாளரைக் குறைகூறுவது தகாது. 1758இல் இதற்குப் பெயரிட்ட லின்னேயசே இதனைப் பாம்பினத்தில் அன்றோ சேர்த்தார்! இறப்பர்த் தோட்டத்து மண்ணிலும் இது வாழவல்லது. ஆனால் கரை ஈரமாயிருந்தாலன்றி முட்டை பிழையாது. அருகே தெளிந்த நீரோடினாலன்றிக் குடம்பி பிழையாது.