லாரி விளக்கு சொல்லும் சேதி

குழந்தைகளே, ஒரு கணக்கோடு தொடங்குவோமா?

அமெரிக்காவில் 'இன்டர்ஸ்டேட் 80' என்றொரு நெடுஞ்சாலை இருக்கிறது. கிழக்கே நியூயார்க் நகரத்துக்குப் பக்கத்தில் தொடங்கி, மேற்கே சான் பிரான்சிஸ்கோ வரை ஏறத்தாழ 4,670 கிலோமீட்டர் ஓடுகிறது. சரக்கு லாரிகள் இரவும் பகலும் இதில் போய்க்கொண்டே இருக்கும். முன்னால் இழுவை வண்டி, பின்னால் 16 மீட்டர் நீளமுள்ள பெட்டி. இரண்டையும் சேர்த்தால் சுமார் 22 மீட்டர். நம் ஊர் பேருந்துகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளம் அது.

அப்படிப்பட்ட லாரி ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பின்னால் இன்னொரு லாரி 105 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. பின்னால் வருவது முன்னால் போவதை முந்திச் செல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

ஐந்து நொடி, பத்து நொடி என்று மனத்துக்குள் சொல்லியிருப்பீர்கள். தாளும் பென்சிலும் எடுங்கள், போட்டுப் பார்த்துவிடுவோம்.

முந்துகிற லாரியின் மூக்கு, மற்ற லாரியின் வாலுக்கு நேராக வந்துவிட்டது. அதன் வால் மற்ற லாரியின் மூக்கைத் தாண்ட வேண்டுமானால் 22 + 22 = 44 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். தாண்டியதும் உடனே குறுக்கே திரும்பிவிட முடியாது. குறைந்தது 30 மீட்டராவது இடைவெளி விட வேண்டும். ஆக 74 மீட்டர். இரண்டு லாரிகளின் வேக வித்தியாசம் மணிக்கு 5 கிலோமீட்டர். அதாவது நொடிக்கு 1.4 மீட்டர், நாம் சாதாரணமாக நடக்கிற வேகம்தான். 74-ஐ 1.4-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 53 நொடி!

இந்த 53 நொடியில் அந்த லாரி சாலையில் ஒன்றரை கிலோமீட்டர் ஓடியிருக்கும். அதில் பாதிக்கு மேல் இரண்டு லாரிகளும் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும்.

இன்னும் கொஞ்சம் மிதித்து ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் பல நிறுவனங்கள் தங்கள் லாரிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருக்கின்றன. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் வண்டி போகாது. ஐரோப்பாவில் கனரக லாரிகளுக்கு இந்தக் கருவி கட்டாயம். அங்கே உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். ஜெர்மனியில் ஹாம் நகரில் உள்ள மேல்நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டில் இதற்கு ஓர் அளவே சொன்னது: ஒரு லாரி இன்னொன்றை முந்த 45 நொடிக்கு மேல் ஆகக் கூடாது, வேக வித்தியாசம் மணிக்கு 10 கிலோமீட்டராவது இருக்க வேண்டும். வித்தியாசம் 10 ஆனால் நம் கணக்கில் வரும் 53 நொடி என்னவாகும்? நீங்களே போட்டுப் பாருங்கள்.

தன் வால் தனக்குத் தெரியாது

முந்துகிற ஓட்டுநருக்குக் கடினமான வேலை கடைசியில்தான் வருகிறது. தன் வண்டியின் வால் மற்ற லாரியைத் தாண்டிவிட்டதா? தாண்டியது என்றால், போதிய இடைவெளி விழுந்துவிட்டதா?

அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். முந்துவது இடப்பக்கமாக. முந்தி முடித்ததும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஓட்டுநர் உட்கார்ந்திருப்பதோ இடப்பக்கம். எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம்தான் அவருக்குத் தூரமான பக்கம். கண்ணாடியில் தெரியாத மறைவிடம் பெரிய லாரிக்கு நான்கு பக்கமும் உண்டு. முன்னால் சுமார் 6 மீட்டர், பின்னால் சுமார் 9 மீட்டர். வலப்பக்க மறைவிடம் இரண்டு தடங்களின் அகலத்துக்குப் பரவியிருக்கும்.

பக்கவாட்டுக் கண்ணாடி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் ஒன்று குவி ஆடி, வெளிப்பக்கம் புடைத்த கண்ணாடி. நிறைய இடத்தைக் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டும். சிறிதாகத் தெரிவது தூரத்தில் இருக்கிறது என்பது நம் மூளையின் பழக்கம். அதனால் பின்னால் இருக்கும் வண்டி, உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி இருப்பதுபோலத் தோன்றும். அதை நம்பித் திரும்பினால் ஆபத்து. முழுச் சுமையோடு 36 டன் எடையுள்ள அமெரிக்க லாரி மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது பிரேக் பிடித்தால், நிற்பதற்குள் ஏறக்குறைய 160 மீட்டர் ஓடிவிடும். அதன் மூக்குக்கு முன்னால் போய்ச் சட்டென்று நுழையலாமா?

ஆனால் முந்தவிடுகிற லாரியின் ஓட்டுநருக்கு இதெல்லாம் பளிச்சென்று தெரியும். பக்கத்து லாரியின் வால் எங்கே இருக்கிறது, இடைவெளி எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதைத் தன் முன்கண்ணாடி வழியாக நேராகப் பார்க்கிறார். ஒருவருக்குத் தெரியாதது இன்னொருவருக்குத் தெரிகிறது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்!

அவர் தன் முகப்பு விளக்கை ஒருமுறை மினுக்குகிறார். "வால் தாண்டியாச்சு, இடம் இருக்கு, வரலாம்" என்று அதற்குப் பொருள். முந்தியவர் இன்டிகேட்டர் போட்டு வலப்பக்கம் திரும்புகிறார். திரும்பியதும் தன் பெட்டியின் பின்விளக்குகளை இரண்டு முறை அணைத்து ஏற்றுகிறார். "நன்றி" என்று அதற்குப் பொருள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த வழக்கம் சட்டம் சொல்லித் தந்தது அல்ல. ஓட்டுநர்கள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட மரியாதை இது.

ஏன் ஒளி? ஏன் மினுக்கல்?

ஹாரன் அடித்துச் சொன்னால் என்ன? அடிக்கலாம். ஆனால் எஞ்சின் சத்தம், காற்றின் இரைச்சல், டயர்களின் உறுமல், மூடிய கதவு எல்லாவற்றையும் தாண்டி அது காதுக்குப் போக வேண்டும். போனாலும் யார் அடித்தார்கள், வா என்றார்களா, வராதே என்றார்களா என்று தெரியாது. லாரிக்காரர்களிடம் ரேடியோவும் உண்டு. அதில் பேசினால் சுற்று வட்டாரத்தில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கும். எந்த லாரி பேசியது என்று தேட வேண்டும். விளக்கில் இந்தக் குழப்பம் இல்லை. எந்த லாரி சொல்கிறதோ, அந்த லாரியிலிருந்தே ஒளி வருகிறது.

25 மீட்டர் தூரத்தைக் கடக்க ஒளிக்கு ஆகும் நேரம், ஒரு நொடியைக் கோடி கூறு போட்டால் அதில் ஒரு கூறுக்கும் குறைவு. மெதுவான பகுதி எது தெரியுமா? நாம்தான். கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை அசைய ஏறக்குறைய ஒரு நொடி ஆகிவிடும். அந்த ஒரு நொடியில் லாரி 29 மீட்டர் ஓடிவிடும்.

விளக்கைத் தொடர்ந்து எரியவிடாமல் மினுக்குவதற்கும் காரணம் இருக்கிறது. நம் கண்ணும் மூளையும் மாறாமல் இருப்பதைச் சீக்கிரம் கவனத்திலிருந்து விட்டுவிடும். மாறுவதை உடனே பிடித்துக்கொள்ளும். ஓட்டுநர் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், பார்வையின் ஓரத்தில் இருக்கும் கண்ணாடியில் ஒரு மினுக்கல் தெரிந்தால் போதும், கவனம் அங்கே போய்விடும். இன்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மினுக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பதும் இதற்காகவே.

அணைப்பதும் ஒரு பேச்சு

இரவில் இந்த மரியாதை இன்னும் நுட்பமாகிறது. நம் கண்ணின் விழித்திரையில் குச்சி செல்கள் என்று சில உண்டு. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவுபவை அவைதான். அவற்றில் ரொடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. பலமான வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும். பழையபடி முழுதாகத் தேற அரைமணி நேரம்கூட ஆகலாம். இருட்டுக்குப் பழகிய ஓட்டுநரின் கண்ணாடியில் ஹை பீம், அதாவது முகப்பு விளக்கின் பலமான ஒளி, அடித்தால் என்னாகும்? உதவி செய்யப் போய் அவர் கண்ணைக் கூச வைத்ததாகிவிடும்.

அதனால் அனுபவப்பட்ட ஓட்டுநர்கள் பலர், இரவில் ஹை பீம் அடிக்காமல், எரிந்துகொண்டிருக்கும் விளக்கை ஒரு கணம் அணைத்து ஏற்றுவார்கள். வெளிச்சம் கூடினாலும் மாற்றம்தான், குறைந்தாலும் மாற்றம்தான். செய்தி போய்ச் சேர்ந்துவிடும், கண்ணும் கூசாது.

நன்றி சொல்வதும் இதே முறையில்தான். அமெரிக்க லாரிகளின் பெட்டியைச் சுற்றி முன்பக்கம் மஞ்சளும் பின்பக்கம் சிவப்புமாகச் சிறு விளக்குகள் எரியும். வண்டி எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று இருட்டில் காட்டுவதற்காகச் சட்டப்படி வைக்கப்பட்டவை. பல லாரிகளில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் அந்த விளக்குகளுக்குப் போகும் மின்சாரம் தடைப்படும். விட்டால் மறுபடி பாயும். இழை பல்பாக இருந்தால் மின்சாரம் நின்ற பிறகும் சூடான இழை ஆறும்வரை கொஞ்சம் ஒளிர்ந்து மங்கும். எல்.இ.டி. விளக்கு அப்படியே சட்டென்று அணையும், சட்டென்று எரியும். இப்போது அந்த 'நன்றி' முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

ஒரு பிட் செய்தி

1948-ஆம் ஆண்டில் கிளாட் ஷானன் என்ற அமெரிக்க அறிஞர் செய்தியை அளப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். இன்றைய கணினி, கைபேசி, இணையம் எல்லாவற்றுக்கும் அடிப்படையான கட்டுரை அது. செய்தியின் மிகச் சிறிய அளவுக்குப் பெயர் 'பிட்'. 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டில் ஒன்றைச் சொல்வது ஒரு பிட்.

லாரியின் மினுக்கலும் அப்படித்தான். "தாண்டிவிட்டேனா?" என்ற கேள்வி ஓட்டுநர் மனத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு 'ஆம்' என்ற பதில் மட்டும் போதும். கேள்வி இருவருக்கும் தெரிந்திருப்பதால்தான் ஒரே ஒரு மினுக்கல் இவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது. பின்விளக்கின் 'நன்றி'க்கும் ஒரு பயன் உண்டு. "நீ சொன்னது எனக்குக் கிடைத்தது" என்று அது தெரிவிக்கிறது. இணையத்தில் கணினிகளும் செய்தி வந்து சேர்ந்ததும் இப்படி ஒப்புகை அனுப்பிக்கொள்கின்றன.

ஒரே ஒளி, பல பொருள்

ஆனால் பொருள் இருவருக்கும் ஒன்றாக இல்லாவிட்டால்? பிரிட்டனில் முகப்பு விளக்கை மினுக்கினால் "நீங்கள் போங்கள்" என்று பலர் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த நாட்டின் சாலை விதி நூலோ, "நான் இங்கே இருக்கிறேன்" என்று காட்ட மட்டுமே அப்படிச் செய்யலாம் என்கிறது. நம் நாட்டில் எதிரே வரும் வண்டி மினுக்கினால் பெரும்பாலும் "நான் வருகிறேன், நீ நில்" என்று பொருள். பிரிட்டனில் ஓட்டிப் பழகியவர் இங்கே வந்து, "போகச் சொல்கிறார்" என்று நினைத்து முன்னே போனால் மோதல்தான்! ஜப்பானில் வழிவிட்டவருக்கு நன்றி சொல்ல, நான்கு மூலை விளக்குகளையும் சேர்த்து மினுக்குவார்கள். அதே விளக்குகள் பல இடங்களில் "ஆபத்து" என்கின்றன.

நம் சாலைகளில் முன்னால் போகும் லாரி வலது இன்டிகேட்டர் போட்டால், சிலர் அதை "என்னைத் தாண்டிப் போ" என்ற சைகையாக எடுத்துக்கொள்வதுண்டு. சட்டப்படி அதன் பொருள் "நான் வலப்பக்கம் திரும்பப் போகிறேன்" என்பது. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் உயிர் போய்விடும்.

மின்மினிகள் இதைவிடக் கடுமையான பாடம் சொல்கின்றன. வட அமெரிக்காவில் மினுக்கும் மின்மினிகளில் ஒவ்வொரு வகைக்கும் தனி மினுக்கல் உண்டு. ஆண் பறந்தபடி மினுக்கும். அதே வகைப் பெண் செடியில் இருந்து பதில் மினுக்கும். போட்டூரிஸ் என்ற வகைப் பெண் மின்மினி, வேறு வகைப் பெண்ணைப்போலவே பதில் மினுக்கும். நம்பி வருகிற ஆணைப் பிடித்துத் தின்றுவிடும்! 1965-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லாயிட் என்ற ஆய்வாளர் இதை விவரித்து எழுதினார். ஒளிக்குத் தானாக எந்தப் பொருளும் இல்லை. அனுப்புகிறவர் உண்மை சொல்கிறார் என்ற நம்பிக்கைதான் அதைச் செய்தியாக்குகிறது.

நம் ஊர் கிளீனர்

நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. ஓட்டுநர் வலப்பக்கம் இருக்கிறார். முந்திய பிறகு இடப்பக்கம் திரும்ப வேண்டும். இங்கேயும் அது ஓட்டுநருக்குத் தூரமான பக்கம்தான். இடமும் வலமும் மாறினாலும் சிக்கல் மாறவில்லை. நம் லாரிகளில் அந்தப் பக்கத்துக்குக் கண்ணாக இருந்தவர் கிளீனர். சன்னல் வழியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்து, கதவைத் தட்டி, "ரைட் ரைட், வரலாம்" என்று சொல்வார். இப்போது பல லாரிகள் கிளீனர் இல்லாமலே ஓடுகின்றன. அந்த ஓட்டுநர்கள் தனியாக எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது.

செய்து பாருங்கள்

பள்ளி மைதானத்தில் இரண்டு பேர் இடுப்பில் ஆளுக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டிக்கொண்டு, கயிறு பின்னால் இழுபடும்படி ஒரே திசையில் நடங்கள். ஒருவர் சற்று வேகமாக நடந்து மற்றவரை முந்த வேண்டும். திரும்பிப் பார்க்காமல், தன் கயிற்றின் நுனி தாண்டிவிட்டது என்று நினைக்கும்போது அவர் கை தூக்கட்டும். உண்மையில் தாண்டிவிட்டதா என்று மற்றவர் சொல்லட்டும். பிறகு, நுனி தாண்டியதும் மற்றவர் கைதட்டிச் சொல்லும்படி மாற்றிச் செய்யுங்கள். எது சரியாக வருகிறது என்று எழுதி வையுங்கள். கயிறு காலில் சிக்காமல் மெதுவாக நடங்கள்.

வளர்ந்து வண்டி ஓட்டும்போது ஒன்றை மறக்காதீர்கள். அடுத்தவர் மினுக்கும் விளக்கு ஓர் உதவி. திரும்பலாமா என்ற முடிவை உங்கள் கண்ணால் பார்த்து நீங்களே எடுக்க வேண்டும். இப்போதே செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. சாலையில் போகும் வண்டிகளை நோக்கி விளையாட்டுக்காகக்கூட டார்ச் அடிக்காதீர்கள், லேசர் காட்டாதீர்கள். ஓட்டுநர்கள் ஒளியை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். அந்த நம்பிக்கையோடு விளையாட வேண்டாம்.