காலடி மண்ணைப் படித்த கம்பர்மலைப் பேராசிரியர்

ஸூரத்துத் தவ்பாவின் 109ஆம் வசனம் இரண்டு கட்டடங்களை நம் கண்முன் நிறுத்துகின்றது. ஒன்றின் அத்திவாரம் இறையச்சம். மற்றது நீர் அரித்த கரையின் விளிம்பில் நிற்பது. கட்டியவனையும் சேர்த்துக்கொண்டு நரகத்தில் சரிவது. மஸ்ஜிதுள் ளிராரைக் கட்டிய நயவஞ்சகர்களைப் பற்றிய வசனம் இது. இங்கே வரும் 'ஜுருஃப்' என்ற சொல்லுக்கு, வெள்ளம் அடியை அரித்துவிட்ட, மேலே பார்த்தால் உறுதியாகத் தெரிகின்ற கரை என்று முஃபஸ்ஸிர்கள் பொருள் கூறுவர்.

இவ்வசனத்தை ஓதிக் கொடுக்கும் நாம் தக்வாவைப் பற்றி நீண்ட நேரம் பேசுகின்றோம். அது வேண்டியதுதான். ஆனால் கரை ஏன் சரிகிறது என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டால்? அரபு மொழி மண்ணுக்கே பல பெயர் வைத்திருக்கிறது. உலர்ந்தால் துராப், நனைந்தால் தீன், ஒட்டும் பதத்தில் லாஸிப், கறுத்து நாறும் சேறு ஹமஉ, காய்ந்து தட்டினால் ஓசை தருவது ஸல்ஸால். ஒரே பொருள், அதில் நீர் எவ்வளவு, அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகின்றது. மண்பொறிமுறை என்ற கல்வியும் முதலில் கேட்பது இதைத்தான்: இந்த மண்ணில் நீர் எவ்வளவு? (குர்ஆனில் பொறியியல் பாடம் இருக்கின்றது என்று வாதாட நான் வரவில்லை. அப்படி வாதாடுவதில் நமக்கு ஓர் அவசரம் இருக்கின்றது. படிப்பதில்தான் அந்த அவசரத்தைக் காணோம்.)

அன்புச் சகோதரிகளே! அந்தக் கல்வியில் உலகம் முழுதும் இன்றும் பாடமாக உள்ள ஒரு முடிவைக் கண்டவர் நமது யாழ் குடாநாட்டில் பிறந்தவர். பெயர் பேராசிரியர் அழகையா துரைராஜா. 1934 நவம்பர் 10இல் வடமராட்சியின் கம்பர்மலையில் பிறந்து, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் பயின்றவர். நம்மவரில் அவரை அறிந்தோர் குறைவு. அதற்குக் காரணம் உண்டு. 1990 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். அன்றைய பிள்ளைகள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் எழுத்துக் கூட்டினார்கள். வீடும் நகையும் போனதை எல்லோரும் கணக்கெழுதினோம். இந்த மண்ணின் கல்விப் பரம்பரையும் நம் பிள்ளைகளின் கையை விட்டுப் போனதை யாரும் எழுதவில்லை. ஹாட்லியும் துரைராஜாவும் நமக்கு அயலார் போல ஆகிவிட்டார்கள்.

அவர் என்ன கண்டார் என்பதை விளங்கிக்கொள்ள சமையலறையே போதும்.

தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடுகின்றீர்கள். நீர் ஒரேயடியாக இறங்குவதில்லை. சொட்டுச் சொட்டாக இறங்க இறங்கத் தயிர் கெட்டியாகிச் சுருங்குகின்றது. களிமண் மீது வீடு கட்டினாலும் இதுதான் நடக்கின்றது. முதலில் சுமையின் பெரும் பங்கைத் துளைகளில் உள்ள நீர் தாங்குகின்றது. நீர் மெல்லக் கசிந்து விலக, சுமை மண் துணிக்கைகள் மீது இறங்குகின்றது. வீடு வருடக்கணக்கில் அமிழ்கின்றது. சுவரில் வெடிப்பு விழுந்த பின் மேசனைத் திட்டுகின்றோம். இந்த உண்மையைக் கணக்காக்கியவர் கார்ல் டெர்ஸாகி. அவர் 1916இல் இஸ்தான்பூலில், உஸ்மானியப் பேரரசின் பொறியியல் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். பின்னர் அதே நகரில் ரொபர்ட் கல்லூரியில் 1925 வரை கற்பித்தார். அவ்வாண்டு வெளிவந்த அவரது நூலே இக்கல்வியின் பிறப்பு எனலாம். அதற்கான சோதனைகள் உஸ்மானியரின் தலைநகரில் நடந்தன. 1206இல் தம் பொறிகள் பற்றிய நூலை முடித்த அல்ஜஸரியை நம் மேடைகளில் நாம் மறப்பதில்லை. இஸ்தான்பூலில் நடந்த இதைச் சொல்ல யாருமில்லை.

மணலின் குணம் வேறு. காரைநகர் கசூரினாக் கடற்கரையில் ஈர மணலில் காலை ஊன்றும்போது, பாதத்தைச் சுற்றி மணல் ஒரு கணம் வெளுத்துக் காய்வதைக் கண்டிருப்பீர்கள். நெருங்கிக் கிடந்த மணிகள் நகர வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். அப்போது இடைவெளி கூடுகின்றது. மேலிருந்த நீர் அதற்குள் இறங்கிவிடுகின்றது. மான்செஸ்டர் பேராசிரியர் ஒஸ்போர்ன் ரெய்னல்ட்ஸ் 1885இல் இதை விளக்கினார். நெகிழ்ந்த களிமண்ணோ நேர்மாறானது. வழுக்கி நகரும்போது அது சுருங்கி நீரை வெளித்தள்ளப் பார்க்கின்றது.

ஒன்று விரிகின்றது, மற்றது சுருங்குகின்றது. இரண்டுக்கும் ஒரே சட்டம் உண்டா? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கென்னத் ரொஸ்கோ என்பவரின் குழு தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்ற துரைராஜா அங்கே ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணை உருளையாகச் செய்து, றப்பர் உறையிட்டு, நீர் நிறைந்த கலத்தில் வைத்துச் சுற்றிலும் அழுத்தம் கொடுத்து, மேலிருந்து மெல்ல மெல்ல நசுக்குவார்கள். நீர் வெளியேற அவகாசம் வேண்டும். அவசரப்பட்டால் கணக்குப் பிழைக்கும். ஒரு மாதிரிக்கே நாட்கள் செல்லும்.

அவர் எழுப்பிய கேள்வி ஒரு வியாபாரியின் கேள்வி போன்றது. மண்ணை நசுக்க நாம் கொடுத்த வேலை எங்கே போயிற்று? வரவு இவ்வளவு, செலவு எதில்? ஒரு பங்கு மண்ணின் கன அளவை மாற்றுவதில் செல்கின்றது; மறு பங்கு துணிக்கைகள் உராய்வதில் அழிகின்றது. அளவுகளைக் கூட்டிக் கழித்தபோது ஒரு எளிய விடை வந்தது. உராய்வில் அழியும் பங்கு, மண் எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கின்றது, எவ்வளவு வழுக்கியிருக்கின்றது, அந்த மண்ணுக்குரிய ஒரு மாறிலி ஆகியவற்றில் மட்டுமே தங்கியிருந்தது. மண் விரிந்ததா சுருங்கியதா என்பது அதைப் பாதிக்கவில்லை. அவரது ஆய்வேட்டின் ஆண்டு 1961.

1963இல் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா ஆகிய மூவர் பெயரிலும் 'ஜியோடெக்னிக்' என்ற ஆய்விதழில் வந்த கட்டுரை இந்த முடிவின் மீது எழுந்தது. அதிலிருந்து பிறந்த மாதிரிக்குக் கேம்பிரிட்ஜ் ஊடாக ஓடும் கேம் ஆற்றின் பெயரால் 'கேம் களி' என்று பெயர். அது எங்கும் தோண்டி எடுக்கும் களிமண் அல்ல. கணக்கால் பிசைந்த களிமண். 1968இல் ரொஸ்கோவும் பேர்லண்டும் அதைத் திருத்தி அமைத்தனர். இன்று மென்மையான களிமண்ணில் அணை கட்டவோ சுரங்கம் தோண்டவோ வீதி உயர்த்தவோ பொறியியலாளர் கணினியைத் திறந்தால், உள்ளே அந்த மாதிரியோ அதன் வாரிசோ இருக்கின்றது. ஸ்கோஃபீல்ட் பல்லாண்டுகளுக்குப் பின் எழுதிய நூலிலும் அந்த உராய்வுக் கணக்கைத் துரைராஜாவின் பெயராலேயே குறிப்பிட்டார்.

இத்தகைய பெயரோடு மேல்நாட்டில் தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பி வந்தார். பேராதனையில் பேராசிரியராகவும் பொறியியல் பீடாதிபதியாகவும் இருந்து தலைமுறை தலைமுறையாகப் பொறியியலாளர்களை உருவாக்கினார். 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். யுத்த காலம், எரிபொருளும் மின்சாரமும் அரிதான காலம். துணைவேந்தர் சைக்கிளில் வந்து போனதை இன்றும் சொல்லக் கேட்கின்றோம். 1994 ஜூன் 11இல், அறுபது வயது நிறையுமுன் காலமானார். ஆராய்ச்சிக்கூடத்தில் செலவிட்டிருக்க வேண்டிய வருடங்கள் நிர்வாகத்தில் கழிந்தது கல்விக்கு நட்டம் என்பது என் எண்ணம். பல்கலைக்கழகத்தைத் திறந்து வைத்திருப்பதே அன்று பெரிய ஆராய்ச்சி என்று வாதிடுவோரும் உண்டு.

இலங்கையிலிருந்து இத்துறைக்குச் சென்றவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. அருளானந்தன் அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், நில அதிர்ச்சியில் மணல் கூழாகி ஓடுவதை ஆராய்ந்தார். கேம்பிரிட்ஜில் பயின்ற பாலசுப்பிரமணியம் பேங்கொக்கின் ஆசியத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பல்லாண்டுகள் கற்பித்தார். பேங்கொக் நகரமே மென்களி மீது நிற்பது.

"இதெல்லாம் ஆம்பிளைப் பிள்ளைகளுக்குச் சரி மௌலவி" என்று தாய்மார் சொல்வதுண்டு. 2025 ஜூனில் கஷ்மீரில் செனாப் ஆற்றின் மீது, ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீற்றர் உயரத்தில் ரயில் பாலம் திறக்கப்பட்டது. பாலத்தின் கால்கள் நிற்பது வெடிப்பும் பிளவும் நிறைந்த மலைச்சரிவில். அந்தச் சரிவு சரியாமல் நிற்க வழி சொன்ன நிபுணர்களில் ஒருவர் பேராசிரியை மாதவி லதா. ஆந்திராவின் கிராமமொன்றில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் கலாநிதிப் பட்டம் பெற்று, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கற்பிப்பவர். 17 வருடங்கள் அந்தப் பணியோடு இருந்தார். பாராட்டுகள் குவிந்தபோது, உழைத்த ஆயிரக்கணக்கானோரில் தாமும் ஒருவர் என்று அடக்கமாகச் சொன்னார்.

நம் நாட்டிலும் இந்தக் கல்விக்கு வேலை குறையவில்லை. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்களை மூடியது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லயில் குப்பை மேடு சரிந்து வீடுகளைப் புதைத்தது. சரிந்தது மலையானாலும் குப்பையானாலும் உள்ளே நீர், உராய்வு, அழுத்தம் என்ற அதே கணக்குத்தான்.

உங்கள் மகள் சாதாரண தரத்தில் கணிதத்தில் நல்ல பெறுபேறு பெற்றிருந்தால், உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் எடுக்க வழி விடுங்கள். நமது பாடசாலையில் இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் இல்லையென்றால் அடுத்த பாடசாலைக்கு அனுப்புங்கள். அது கன்னியர் மடமானாலும் இந்துக் கல்லூரியானாலும் சரி. பர்தாவைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் வாப்பாவும் உம்மாவுமாக நேரில் போய் அதிபரிடம் பேசுங்கள். தூரத்தை எண்ணித் தயங்கிய காலமும் மாறிவிட்டது. பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் மட்டுமே போக வேண்டியதில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பொறியியல் பீடம் உண்டு. துரைராஜா துணைவேந்தராக இருந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமோ கிளிநொச்சி அறிவியல் நகரில், ஏ-9 வீதியோரமாகவே இருக்கின்றது.