பேசியே கட்டிய நாடு

கடல் காணாத தேசங்கள் – 7: போட்ஸ்வானா

சென்ற வாரம் பார்த்த லெசோதோவைச் சுற்றி இருப்பது ஒரே ஒரு நாடு. நல்லதோ கெட்டதோ, அது தென்னாப்பிரிக்காவோடு மட்டும் பேசினால் போதும். அங்கிருந்து வடமேற்கே போனால் வரும் போட்ஸ்வானாவுக்கு அந்த வசதி கிடையாது. தெற்கே தென்னாப்பிரிக்கா, மேற்கிலும் வடக்கிலும் நமீபியா, வடகிழக்கே ஜிம்பாப்வே, ஒரு மூலையில் ஜாம்பியா. பரப்பு 5,81,730 சதுர கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 70 சதவீதம் கலஹாரி மணல். 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 23.5 லட்சம்தான். ஒரு கன்டெய்னர் வெளியே போக வேண்டுமென்றாலும் உள்ளே வர வேண்டுமென்றாலும் தென்னாப்பிரிக்காவின் டர்பன், நமீபியாவின் வால்விஸ் பே என்று அடுத்தவர் துறைமுகத்தைத்தான் நம்ப வேண்டும். கடல் இல்லாத நாட்டுக்கு ஒவ்வொரு வாசலும் இன்னொருவர் வீட்டு முற்றத்தில்தான் திறக்கிறது.

வட எல்லையில் உள்ள கஸுங்குலாவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சோபே ஆறு ஜாம்பெசியில் கலக்கும் இடம் அது. நான்கு நாடுகள் கிட்டத்தட்ட ஒரே புள்ளியில் நெருங்கி நிற்கின்றன. போட்ஸ்வானாவும் ஜாம்பியாவும் தொட்டுக்கொள்ளும் எல்லை சுமார் 150 மீட்டர்தான். செம்புச் சுரங்கங்களுக்குப் போகும் லாரிகளைப் பல பத்தாண்டுகளாக மிதவைப் படகில் ஏற்றித்தான் அக்கரை சேர்த்தார்கள். கரையில் வரிசை நாள்கணக்கில் நிற்கும். 2021 மே மாதம் அங்கே 923 மீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. அந்தப் பாலம் நேராகப் போகாமல் வில் போல வளைந்து போகிறது. நேராகக் கட்டியிருந்தால் ஜிம்பாப்வேயின் எல்லைக்குள் கால் வைக்க வேண்டியிருக்கும். திட்டத்தில் ஜிம்பாப்வே சேராததால், பாலம் அதை ஒதுங்கிப் போகிறது.

தண்ணீரும் அப்படித்தான். அங்கோலாவின் மேட்டுநிலத்தில் டிசம்பர் முதல் மார்ச் வரை பெய்யும் மழை, நமீபியாவின் ஒடுங்கிய நிலப்பட்டையைக் கடந்து ஒக்கவாங்கோ ஆறாகப் போட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. நிலத்தில் சரிவே இல்லாததால் வெள்ளம் ஓடுவதில்லை, ஊர்கிறது. டெல்டாவின் தென்முனையில் இருக்கும் மவுன் நகரத்தை அது எட்டுவதற்குள் ஜூன், ஜூலை ஆகிவிடும். அங்கே அப்போது ஒரு சொட்டு மழை இல்லாத குளிர்காலம். வெடித்துக் கிடக்கும் ஆற்றுப்படுகையில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு நீரின் நுனி மெல்ல முன்னேறி வரும். யானைகளும் எருமைகளும் மான் கூட்டங்களும் வறண்ட காட்டைவிட்டு அந்த நீரை நோக்கித் திரளும். வறட்சியின் உச்சத்தில் வெள்ளம் வருவதால்தான் அங்கே அவ்வளவு உயிர்கள். அந்த ஆறு எந்தக் கடலுக்கும் போவதில்லை. மணலும் வெயிலும் தாவரங்களும் அதைக் குடித்துத் தீர்த்துவிடுகின்றன. 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலின் 1000ஆவது இடமாகச் சேர்ந்தது இந்த டெல்டாதான். ஆனால் அங்கோலாவோ நமீபியாவோ மேலே ஓர் அணை கட்டினால் டெல்டா என்ன ஆகும்? அதனால்தான் 1994இல் மூன்று நாடுகளும் சேர்ந்து ஓர் ஆற்று ஆணையம் அமைத்துக்கொண்டன.

துறைமுகம், பாலம், ஆறு என எதற்கும் எதிரில் இருப்பவரோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். இந்த நாட்டின் வெற்றிக்கு வைரம்தான் காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். வைரம் கிடைத்த மற்ற ஆப்பிரிக்க நாடுகளில் அதற்காக ஓடிய ரத்தத்தை நினைத்தால் அந்த விளக்கம் போதாது என்று தெரியும். வைரத்துக்கு முன்பே இவர்களிடம் பேசும் பழக்கம் இருந்தது. அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

மக்களில் பெரும்பான்மையினர் ஸ்வானா இனத்தவர். கலாங்கா, யெய், ஹம்புகுஷு, 1904இல் ஜெர்மானியரின் படுகொலைக்குத் தப்பி நமீபியாவிலிருந்து ஓடிவந்த ஹெரெரோ, இந்த மண்ணின் மூத்த குடிகளான பசர்வா (சான்) எனப் பலரும் உண்டு. ஸ்வானா குடும்பத்துக்கு வழக்கமாக மூன்று இருப்பிடங்கள்: ஊரில் வீடு, மழை விழுந்ததும் சோளம் விதைக்கும் வயல், அதற்கும் அப்பால் மாட்டுப்பட்டி. தலைநகர் கபரோனேயில் கணினி முன் உட்காரும் அதிகாரியும் சனிக்கிழமை வந்தால் வண்டியில் தீவனத்தை ஏற்றிக்கொண்டு பட்டிக்குக் கிளம்பிவிடுவார்.

ஊரின் நடுவே இருக்கும் பொது இடம், கோட்லா. பட்டை உரித்த மரங்களை நெருக்கி நட்டுப் பிறை வடிவில் ஒரு தடுப்பு, நிழலுக்கு ஒரு பெரிய மரம், குளிருக்கு ஒரு நெருப்பு. மரச்சட்டத்தில் தோல் வார் பின்னிய தாழ்ந்த நாற்காலியைப் பெரியவர்கள் வீட்டிலிருந்தே தூக்கி வருவார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். கோசி எனப்படும் தலைவர் முதலில் விஷயத்தைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவார். பிறகு யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், அவரையே குறை சொல்லலாம். தப்பாகப் பேசுகிறவனுக்கும் பேச உரிமை உண்டு என்பது அவர்கள் பழமொழி. எல்லாரும் பேசி முடித்த பிறகே கோசி தீர்ப்பைச் சொல்வார். கூட்டத்தின் போக்குக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்கிற கோசி நெடுநாள் நிலைக்க மாட்டார்.

இந்தப் பழக்கம் கடல் கடந்தும் போனது. 1885இல் இந்த மண் பெச்சுவானாலாந்து என்ற பெயரில் பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது. பத்தே ஆண்டுகளில் அதை செசில் ரோட்ஸின் கம்பெனியிடம் ஒப்படைக்க லண்டன் தயாரானது. 1895இல் மூன்றாம் காமா, செபெலே, பத்தோயென் என்ற மூன்று தலைவர்கள் கப்பலேறி இங்கிலாந்து போனார்கள். ஊர் ஊராகச் சென்று தேவாலயங்களிலும் மண்டபங்களிலும் பேசினார்கள். விக்டோரியா ராணியையும் சந்தித்தார்கள். ரயில் பாதைக்கு ஒரு நிலப்பட்டையை விட்டுக்கொடுத்து, மீதி நாட்டைக் கம்பெனியின் கைக்குப் போகாமல் காப்பாற்றினார்கள். அன்று அவர்கள் போகாமல் இருந்திருந்தால் கம்பெனியின் கைக்குப் போன ரொடீசியாவின் கதி இவர்களுக்கும் வந்திருக்கும்.

மூன்றாம் காமாவின் பேரன் செரெட்சே காமா. பமாங்வாட்டோ மக்களின் அடுத்த கோசியாக வேண்டியவர். லண்டனில் சட்டம் படிக்கும்போது 1948இல் ருத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். அவரை வளர்த்த சித்தப்பா செகெடியே எதிர்த்தார். விஷயம் செரோவே ஊர் கோட்லாவுக்கு வந்தது. முதல் இரண்டு கூட்டங்களில் காற்று அவருக்கு எதிராகவே வீசியது. 1949 ஜூனில் நடந்த மூன்றாவது கூட்டத்தில் அவரை ஏற்பவர்கள் எழுந்து நிற்கும்படி கேட்டபோது ஆயிரக்கணக்கானோர் எழுந்தார்கள். ஊர் ஏற்றுக்கொண்டதை பிரிட்டன் ஏற்கவில்லை. நிறவெறிச் சட்டங்களைப் போட்டுக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்காவைப் பகைக்க அஞ்சி, 1950இல் அவரை லண்டனுக்கு வரவழைத்து, ஊர் திரும்பத் தடை போட்டது. தலைமைப் பதவியைத் துறந்த பிறகு 1956இல்தான் அவர் வீடு திரும்ப முடிந்தது. 1962இல் கெட்டுமிலே மசிரே முதலியோரோடு சேர்ந்து போட்ஸ்வானா ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். 1966 செப்டம்பர் 30 அன்று சுதந்திர நாட்டின் முதல் ஜனாதிபதியானார்.

பிரிட்டன் விட்டுப்போனது என்ன? நாடு முழுவதும் 12 கிலோமீட்டர் தார்ச்சாலை. 22 பட்டதாரிகள். நிர்வாகத் தலைநகரமே நாட்டுக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங்கில் இருந்தது. கபரோனே அவசர அவசரமாக எழுப்பிய நகரம்.

மறு ஆண்டே கலஹாரியின் ஓரத்தில் ஒராபாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. அது பமாங்வாட்டோ நிலம், செரெட்சேயின் சொந்த மக்களின் நிலம். அதே 1967இல் அவரது அரசு, நிலத்தடிக் கனிமங்கள் எந்த இனத்துக்கும் தனிச்சொத்து அல்ல, நாட்டுக்கே பொது என்று சட்டம் கொண்டுவந்து இனத் தலைவர்களைச் சம்மதிக்க வைத்தது. என் பார்வையில் இந்த நாட்டின் வரலாற்றில் இதைவிடப் பெரிய முடிவு இல்லை. சுரங்கத்தில் அரசின் பங்கு முதலில் 15 சதவீதம்தான். டி பியர்ஸ் நிறுவனத்தோடு பேசிப் பேசி 1975இல் அதைப் பாதியாக உயர்த்தினார்கள். அந்தப் பணம்தான் சாலையாகவும் பள்ளிக்கூடமாகவும் மருத்துவமனையாகவும் மாறியது. எய்ட்ஸ் நாட்டையே விழுங்கப் பார்த்தபோது, ஜனாதிபதி ஃபெஸ்டஸ் மோகேயின் அரசு 2002இல் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியதற்கும் அந்தப் பணம் கைகொடுத்தது. ஆப்பிரிக்காவில் ஓர் அரசு நாடு தழுவி அப்படிச் செய்தது அதுவே முதல் முறை.

அரசமைப்பு இப்படி: 61 தொகுதிகளிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினர்கள். ஜனாதிபதிக்குத் தனி வாக்குச்சீட்டு இல்லை, நாடாளுமன்றப் பெரும்பான்மையே அவரைத் தீர்மானிக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு மேல் யாரும் அப்பதவியில் இருக்க முடியாது. கோசிகளுக்கென ஆலோசனை சொல்லும் ஒரு தனி அவை உண்டு, சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. பொதுநிலத்தைப் பங்கிடும் அதிகாரத்தையும் 1970இல் கோசிகளிடமிருந்து எடுத்து நில வாரியங்களிடம் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் அமைச்சர்கள் தங்கள் திட்டங்களைத் தூக்கிக்கொண்டு கோட்லாவுக்குத்தான் வர வேண்டும். அங்கே கட்சிப் பிரசாரத்துக்கு இடமில்லை.

அந்தக் கூட்டங்கள் வெறும் சடங்கா என்ற கேள்விக்கு மவுன் நகரம் பதில் சொல்லியிருக்கிறது. ஒக்கவாங்கோவின் போரோ ஆற்றை ஆழப்படுத்தி, பாசனத்துக்கும் ஒராபா சுரங்கத்துக்கும் தண்ணீர் எடுக்க அரசு திட்டமிட்டது. 1991 ஜனவரியில் மவுன் கோட்லாவில் மக்கள் மணிக்கணக்கில் எழுந்து எழுந்து எதிர்த்துப் பேசினார்கள். மீன் போகும், நாணல் போகும், வெள்ளம் வடிந்த ஈரத்தில் செய்யும் விவசாயம் போகும் என்றார்கள். இயந்திரங்கள் தயாராக இருந்தும் அரசு வேலையை நிறுத்தியது. அடுத்த ஆண்டு திட்டமே கைவிடப்பட்டது. வைரச் சுரங்கத்தின் தேவையை ஊர்க்கூட்டம் தோற்கடித்த இன்னொரு இடம் எனக்குத் தெரியாது.

இவ்வளவு சொன்ன பிறகு, அந்த வட்டத்துக்கு வெளியே நின்றவர்களைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். பழைய கோட்லா ஆண்களின் இடமாகவே இருந்தது. அந்நியரை மணந்த பெண்ணின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லை என்ற சட்டத்தை எதிர்த்து யூனிட்டி டவ் என்ற வழக்கறிஞர் நீதிமன்றம் போய் 1992இல் மேல்முறையீட்டிலும் வென்றார். 2003இல் மொசாடி செபோகோ என்ற பெண்ணே பலேட்டே மக்களின் கோசியாகப் பொறுப்பேற்றார்.

பசர்வாக்களின் காயம் இதைவிட ஆழம். மத்திய கலஹாரி சரணாலயத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களை 1997இலும் 2002இலும் அரசு வெளியேற்றிக் குடியேற்ற முகாம்களில் கொண்டுபோய் விட்டது. குழாய்க்கிணற்றை அடைத்தது. 2006இல் அந்த வெளியேற்றம் சட்டவிரோதம் என்று உயர்நீதிமன்றம் சொன்னது. கிணற்றுத் தண்ணீருக்காக மறுபடி வழக்காடி 2011இல்தான் வென்றார்கள். அதன் பிறகும், சரணாலயத்தில் பிறந்த முதியவர் ஒருவரை அந்த மண்ணில் புதைக்க அனுமதி மறுத்ததால், அவர் உடல் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிணவறையில் கிடந்தது. 2024 டிசம்பரில், ஆட்சி மாறிய பிறகே அவருக்கு அந்த மண் கிடைத்தது. பேசித் தீர்ப்பதில் பேர்பெற்ற நாடு, தன் மூத்த குடிகளோடு மட்டும் பேசாமலே முடிவெடுத்தது. இந்தக் களங்கத்தை எந்த வளர்ச்சிப் புள்ளிவிவரமும் மறைக்காது.

ஆட்சி மாறியது என்றேனே, அது சாதாரண மாற்றம் இல்லை. 58 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட போட்ஸ்வானா ஜனநாயகக் கட்சி 2024 அக்டோபர் 30 தேர்தலில் 4 இடங்களுக்குச் சுருங்கியது. 36 இடங்களைப் பிடித்த கூட்டணியின் தலைவர், வழக்கறிஞர் டூமா போகோ ஜனாதிபதியானார். தோற்ற ஜனாதிபதி மொக்வீட்சி மசிசி இரண்டே நாளில் தோல்வியை ஒப்புக்கொண்டு வாழ்த்துச் சொன்னார். எங்கும் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை.

மக்களின் கோபத்துக்குக் காரணம் வேலையின்மையும் வைரத்தின் சரிவும். ஏற்றுமதியில் ஏறத்தாழ 80 சதவீதம் வைரம். இப்போது ஆய்வுக்கூட வைரம் சந்தையை நிரப்புகிறது. அதில் கணிசமான பங்கு நம் சூரத்திலிருந்தே போகிறது. அங்கே பட்டறையில் விளையும் கல், இங்கே ஜ்வானெங் சுரங்கத்தின் வருமானத்தைக் குறைக்கிறது. 2025 ஆகஸ்டில் மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு முற்றி, பொதுச் சுகாதார நெருக்கடியை அறிவிக்கும் நிலைக்கு அரசு வந்தது.

இனி பங்கிட வேண்டியது செல்வத்தை மட்டும் அல்ல, இல்லாமையையும்தான். செல்வத்தைப் பங்கிடும்போது பொறுமையாக இருப்பது எளிது. யாருக்கு வெட்டு, யாருக்கு விலக்கு என்று முடிவெடுக்கும் நாளில்தான் பேசித் தீர்க்கும் அந்தப் பழக்கத்தின் உண்மையான பலம் தெரியும். அந்த முடிவுகளில் வேலை தேடும் இளைஞருக்கும் பசர்வாக்களுக்கும் மற்றவர்களுக்குச் சமமான குரல் வேண்டும். அதைக் கொடுத்தால், வைரம் இல்லாமலும் போட்ஸ்வானா நிற்கும் என்று நான் நம்புகிறேன். வைரத்துக்கு முன்பும் அது அப்படித்தான் நின்றது.

(அடுத்த வாரம்: ஜாம்பியா)