பழைய காரும் ஒற்றைக்கண் குதிரையும்

புத்தாண்டு நாளிலும் பங்குத் திருநாளிலும் மந்திரிப்புக்காக ஆலய முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தப்படும் வாகனங்களை உற்று நோக்குவோர் ஒன்றைக் கவனித்திருப்பர். முன்பு மிதிவண்டிகளும் மோட்டார் சைக்கிள்களுமே நின்ற இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன. அவற்றுள்ளும், தரையினின்று சற்று உயர்ந்து, அகன்ற முகத்துடன் விளங்கும் ‘காம்பாக்ட் எஸ்.யூ.வி.’ என்னும் வகைக்கே இப்போது மவுசு அதிகம். இவற்றில் பல, வேறொருவர் சில ஆண்டுகள் ஓட்டியபின் கைமாறி வந்தவை. இதில் குறை கூற ஏதுமில்லை. மூட்டு வலியால் வருந்தும் பெற்றோர் குனியாமல் ஏறி இறங்கவும், குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குச் சென்று வரவும் இது வசதியான வண்டியே. ஆயினும், பல ஆண்டுச் சேமிப்போடு நகைக் கடனையும் சேர்த்து வாங்கும் இப்பொருளின்மீது, பண்டிகைக்குப் புடவை எடுக்கும்போது காட்டும் விழிப்பில் பாதியைக்கூட நம்மவருள் பலர் காட்டுவதில்லை என்பதே நம் வருத்தம்.

இவ்வகைக் கார்கள் நான்கு மீட்டர் நீளத்துக்குள் அமைந்ததற்குக் காரணம் உண்டு. 2006-ஆம் ஆண்டு மத்திய அரசு, நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறு கார்களுக்கு உற்பத்தி வரியில் சலுகை அளித்தது. அந்த அளவுக்குள் அடங்குமாறு செய்யப்பட்டவையே 2013-இல் வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட், 2016-இல் வந்த மாருதி விட்டாரா பிரெஸ்ஸா, 2017-இல் வந்த டாடா நெக்ஸான், 2019-இல் வந்த ஹூண்டாய் வென்யூ முதலியன. இவற்றுள் ஈகோஸ்போர்ட் நம் மறைமலை நகரிலேயே உருவானது. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. அதனால் அவ்வண்டியின் விலை இறங்கியுள்ளது, வண்டியும் உறுதியானதுதான். ஆனால் உதிரிபாகமும் பழுதுபார்ப்போரும் நம் ஊரில் கிடைப்பார்களா என விசாரித்த பின்னரே அதன் பக்கம் செல்வது நன்று. பிரெஸ்ஸாவைத் தேடுவோர், 2020-க்கு முந்தியவை அனைத்தும் டீசல், பிந்தியவை பெட்ரோல் என்பதை நினைவில் கொள்க.

வண்டியைப் பகல் வெளிச்சத்திலேயே பார்க்க வேண்டும். மழையில் நனைந்த வண்டியிலும் மாலை மயக்கத்திலும் கீறலும் தெரியாது, நிறபேதமும் தெரியாது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே முதன்முறை கிளப்ப வேண்டும். நாம் போகுமுன்பே அதைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். புகை கறுப்பாக வந்தால் எரிபொருள் சரிவர எரியவில்லை. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெண்புகை நெடுநேரம் நீடித்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது என்று ஐயுறலாம். ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருப்பின் அவ்வண்டியை மறந்துவிடுவதே மேல்.

விபத்தில் சிக்கிய வண்டியை டிங்கரிங், பெயிண்டிங் செய்து புதுமணப் பெண்போல் நிறுத்திவிடுவர். ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் செல்க. இரும்புத் தகட்டில் ஒட்டும் காந்தம், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. (பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது, அதில் ஒட்டவில்லையே என்று சண்டைக்குப் போக வேண்டாம்.) கதவு இடுக்குகள் இருபுறமும் ஒரே அகலத்தில் உள்ளனவா, பானெட்டைத் தாங்கும் திருகுகளில் ஸ்பானர் பட்ட தழும்பு உண்டா என்றும் காண்க. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். ‘2319’ என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். முப்பதாயிரம் கிலோமீட்டரே ஓடியது எனக் காட்டும் வண்டியில் பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், பொய் சொல்வது ரப்பர் அன்று.

நம் தமிழகத்தில் தனியே அஞ்ச வேண்டியது வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பரில் மீண்டும் சென்னையும், அதே மாதத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களும் நீரில் தத்தளித்ததை நாம் அறிவோம். அப்போது மூழ்கிய கார்கள் அனைத்தும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. கழுவித் துடைக்கப்பட்டு வெளியூர்ச் சந்தைக்கு வந்தவையும் உண்டு. இவற்றில் என்ஜின் ஓடும்; ஆனால் மின்கம்பிகளின் இணைப்புகளுக்குள் துரு மெல்ல மெல்ல ஏறும். ஏர்பேக்கை இயக்கும் கருவியும் அந்த மின்சாரத்தையே நம்பியிருக்கிறது. எனவே சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அதுவே சாட்சி. தரைவிரிப்பைத் தூக்கி, இருக்கையின் தண்டவாளத்தில் துரு உண்டா என்று பார்க்கவும். ஸ்டெப்னி வைக்கும் குழியிலும், ஃப்யூஸ் பெட்டியின் மூலையிலும் வண்டல் தங்கியிருக்கும். மூடிய காருக்குள் வாசனைத் திரவியம் அளவுக்குமீறி மணந்தால், எதை மறைக்க அந்த மணம் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

இங்கே விற்பவரிடமும் ஒரு சொல் சொல்ல வேண்டியுள்ளது; அவரும் பெரும்பாலும் ஞாயிறு திருப்பலிக்கு வருபவரே. ‘கேட்டால் சொல்லலாம், கேளாததைச் சொல்வானேன்?’ என்பது வழக்கமான சமாதானம். 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமாஸ் அக்குவினாஸ் தமது ‘சும்மா’ என்னும் பெருநூலில் (இலத்தீனில் இதற்குத் தொகுப்பு என்று பொருள், நம் ‘சும்மா’ அன்று) இக்கேள்வியை எடுத்து ஆராய்ந்துள்ளார். விற்கும் பொருளின் குறையைச் சொல்ல விற்பவர் கடமைப்பட்டவரா? குறை வெளிப்படையாகத் தெரிவதாயின், உதாரணமாகக் குதிரைக்கு ஒரு கண்தான் உள்ளதாயின், அதற்கேற்ப விலையைக் குறைத்துக்கொண்டால் போதும். வாய்விட்டுச் சொல்லும் கடமை இல்லை என்கிறார். மறைந்த குறையாயிருந்து, அதனால் வாங்குபவருக்கு நட்டமோ ஆபத்தோ நேருமாயின், சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விற்பது வஞ்சகம். இடிந்து விழவிருக்கும் வீட்டை உறுதியானதெனக் கூறி விற்பதை அவர் எடுத்துக்காட்டுகிறார். கதவில் உள்ள கீறல் ஒற்றைக்கண்; வெள்ளத்தில் நனைந்த மின்கம்பி இடியும் வீடு. ஏழாம் கட்டளையை மீறுவதற்கு இருளில் சுவரேறிக் குதிக்க வேண்டியதில்லை. வாங்குபவரையும் அப்புனிதர் விட்டுவைக்கவில்லை: பொன்னைச் செம்பென்று எண்ணி ஒருவர் விற்கையில், அதை அறிந்தே வாங்குபவர் ஈடுசெய்யக் கடன்பட்டவர். கணவனை இழந்த பெண்ணொருத்தி விலை அறியாமல் விற்கும் வண்டியை அடிமாட்டு விலைக்கு வாங்கிவிட்டு, ‘ஆண்டவர் தந்த வாய்ப்பு’ என்று பேசுவோர் இதைக் கருதிப் பார்க்கட்டும்.

விலையைப் பொறுத்தவரை ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய கார்களின் ஜி.எஸ்.டி. குறைக்கப்பட்டது. நான்கு மீட்டருக்குள், பெட்ரோலாயின் 1200 சி.சி., டீசலாயின் 1500 சி.சி. வரையிலான என்ஜின் கொண்டவற்றுக்கு 28 விழுக்காடாக இருந்த வரி 18 ஆயிற்று. எனவே பழைய காரின் விலையை விற்பவர் அன்று கொடுத்த தொகையோடு அன்றி, அதே வண்டி இன்று புதிதாக என்ன விலை என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். ஓட்டுநருக்கான ஏர்பேக் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2019 ஜூலை முதல். முன்னிருக்கைப் பயணிக்கு 2021-க்குப் பின்னர். அதற்கு முந்திய மலிவு வகைகளில் இவை இல்லாதிருக்கலாம். சில ஆயிரம் ரூபாய் குறைகிறதே என்று இவை இல்லாத வண்டியை வாங்குவதை நாம் ஆதரிக்க மாட்டோம்.

இனி ஆவணங்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடவும். அரசின் ‘பரிவாகன்’ இணையதளத்தில் கடன் பாக்கி, அபராதம், காப்புறுதி நாள் ஆகியன தெரியும். கடன் பதிவாகியிருப்பின் வங்கியின் சான்றும், அது கையொப்பமிட்ட 35-ஆம் எண் படிவமும் இல்லாமல் முன்பணம் தரலாகாது. புதுவைப் பதிவு வண்டியாயின் தடையின்மைச் சான்றும், தமிழகத்தில் கட்ட வேண்டிய வாழ்நாள் வரியும் கணக்கில் சேரும். உரியவர் இறந்துபோயிருந்தால், முதலில் 31-ஆம் எண் படிவத்தின்வழி வாரிசின் பெயருக்கு மாற்றிய பின்னரே விற்க இயலும்.

விற்பவர் 29, 30 எண் படிவங்களில் வெற்றாகக் கையொப்பமிட்டு இடைத்தரகரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்குவது நம் ஊர்களில் சாதாரணம். மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டுமென்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. பல கைகள் மாறிய ஒரு வண்டி விபத்தை விளைவித்த வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. விற்றுவிட்டேன் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. ஆகவே பெயர் மாறியதைக் கண்ணால் பார்க்கும்வரை விற்பவர் ஓயலாகாது. வண்டியை ஒப்படைத்த நாளையும் மணியையும் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கியவர் 14 நாளுக்குள் காப்புறுதியையும் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இல்லையேல் தம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கு இழப்பீடு கோருவது கடினம். முந்திய உரிமையாளர் ஈட்டிய ‘நோ கிளெய்ம் போனஸ்’ அவரோடு போய்விடும் என்பதால் சந்தா சற்றுக் கூடும். பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் இரண்டாவது சாவியையும் கேட்டு வாங்கிக் கதவில் போட்டுப் பார்க்கவும்.