இறங்கத் தயங்காத பறவை

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்துகள் இமயமலையைக் கடந்து வருபவை. கோடையில் அவை திபெத், மங்கோலியா பகுதிகளில் குஞ்சு பொரிக்கின்றன. 5,000 மீட்டருக்கு மேல் காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் இங்குள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். அங்கே சில அடி நடந்தாலே நமக்கு மூச்சு வாங்கும்.

இப்பறவையின் குருதி ஆக்சிஜனை எளிதில் பற்றிக்கொள்ளும். அந்தக் குருதியை நாம் கடன் வாங்க இயலாது. எனினும், நுரையீரல் மருத்துவர்களாகிய எங்களை ஈர்ப்பது அது பறக்கும் முறையே. சில வாத்துகளின் உடலில் சிறு கருவிகளைப் பொருத்தி இதயத்துடிப்பைப் பதிவுசெய்த ஆய்வு 2015இல் வெளியானது. உயரே ஏறி நேராகப் பறந்துவிடுவதே எளிது என்று நாம் எண்ணுவோம். அவை அப்படிச் செய்யவில்லை. மலை உயர்ந்த இடத்தில் ஏறின. பள்ளத்தாக்கு வந்ததும், மறுபடி ஏற வேண்டியிருந்தும், அடர்ந்த காற்றுக்கு இறங்கின. உயரத்தின் மெல்லிய காற்றில் சிறகடிப்பு சற்றுக் கூடினாலும் இதயத்தின் உழைப்பு வெகுவாகக் கூடிவிடுகிறது.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுடன் எங்களிடம் வருவோரில் பலர், மாடிப்படியின் நடுவில் நிற்பதை அவமானமாகக் கருதுகின்றனர். ஒரே வேகத்தில் ஏறி, மேலே பேச்சற்று அமர்கின்றனர். மறுநாள் முதல் மாடிக்கே செல்வதில்லை. எங்களுக்குக் கூடுதல் கவலை தருவது இந்த இரண்டாவது முடிவுதான். நடமாட்டம் குறைந்தால் தசைகள் மெலியும். மெலிந்த தசை அதே வேலைக்கு இன்னும் மூச்சைக் கேட்கும். வாத்து தாழ இறங்குகிறதே தவிர, பயணத்தைக் கைவிடுவதில்லை.

நின்று, மூக்கால் மூச்சை இழுங்கள். உதட்டைக் குவித்து மெல்ல வெளிவிட்டபடி இரண்டு படிகள் ஏறுங்கள். மீண்டும் நில்லுங்கள். முக்காலியில் அமர்ந்து குளியுங்கள். மூச்சு இலகுவாக இருக்கும் வேளைக்குக் கடினமான வேலையை ஒதுக்குங்கள். எவ்வளவு நடக்கலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

உடனிருப்போரே, காய் நறுக்குவதையும் துணி மடிப்பதையும் அன்பின் பெயரால் அவர்களிடமிருந்து பறித்துவிடாதீர்கள். நேரத்தை மட்டும் கூட்டிக் கொடுங்கள்.

ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க இயலாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, வழக்கத்துக்கு மாறான குழப்பமோ அயர்வோ தோன்றினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள்.