பள்ளியில் யாருக்கு எந்த இடம்? தலைமையாசிரியர் எடுக்கும் முடிவுகள்

தேர்வு முடிவு வரும் நாளில் புதுச்சேரியில் எந்தப் பள்ளி எத்தனை சதவீதம் என்று எல்லோரும் கேட்கிறோம். அதே பள்ளியில் யாரோடும் ஒட்டாமல் கடைசி பெஞ்சில் ஒதுங்கிக் கிடக்கும் பிள்ளை யார் என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு பிள்ளை பள்ளியோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதையும் அளக்க முடியும். அமெரிக்க உளவியலாளர் கேரல் குட்னவ் 1993இல் இதற்கென ஒரு வினாநிரலையே வகுத்தார். பல நாடுகளில் 15 வயது மாணவர்களிடம் நடத்தப்படும் பிசா ஆய்வும், பள்ளியில் தனிமையாக இருக்கிறதா, நண்பர்கள் எளிதில் கிடைக்கிறார்களா என்று மாணவர்களிடமே கேட்கிறது.

இப்படி ஒதுக்குவதற்கு இங்கே ஒரு வரலாறு உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் இந்த ஊரில் அரசுப் பள்ளிக்கூடம் தொடங்கியதே ஆளுக்கொரு வாசல் என்ற ஏற்பாட்டில்தான். ஆளுநர் தெபஸ்ஸேன் தெ ரிஷ்மோன் 1826இல் நிறுவிய அரச கல்லூரி ஐரோப்பியப் பிள்ளைகளுக்கானது. இன்றைய பிரெஞ்சு லிசே அதன் தொடர்ச்சி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. அதிலும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தனிப் பள்ளி. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர் என்று நகரம் பிரிந்திருந்ததைப் போலவே பள்ளியும் பிரிந்திருந்தது. ஆனால் இதே பிரெஞ்சு நிர்வாகம்தான் 1930இல் பள்ளிகளில் மதிய உணவையும் கொண்டுவந்தது. பிள்ளைகளைப் பிரித்து வைப்பதும் ஒரே பந்தியில் உட்கார வைப்பதும் அதிகாரத்தில் இருப்பவர் எடுக்கும் முடிவுகளே.

வாசல்கள் இன்று பொதுவாகிவிட்டன. பிரிவினை வகுப்பறைக்குள் வேறு உருவில் நடக்கிறது. நல்ல மதிப்பெண் வாங்குபவர்களை 'ஏ' செக்‌ஷனில் சேர்த்துவிட்டு, மற்றவர்களுக்கு 'மெல்லக் கற்போர்' என்று பெயர் வைக்கும் பழக்கம் நம் பள்ளிகளுக்குப் புதிதல்ல. உதவித்தொகைப் படிவம் வந்தால் "எஸ்.சி. பிள்ளைகள் எழுந்திருங்கள்" என்று வகுப்பு நடுவே சொல்வதும் அப்படித்தான். சொல்பவர் மனத்தில் கெட்ட எண்ணம் இல்லாமல் இருக்கலாம். நாற்பது பேர் பார்க்க எழுந்து நிற்கும் பிள்ளைக்கு அது ஆண்டு முழுவதும் மறக்காது.

இந்தப் பிரிவினை வன்முறையாகவும் வெடிக்கிறது. 2023 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் தமிழ்நாடு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை பற்றி மாணவரைத் தனியே அழைத்துப் பேச வேண்டும், சாதி அடையாளக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணமே தேவையில்லை. ஒரு தலைமையாசிரியர் நினைத்தால் திங்கட்கிழமை காலையிலேயே தொடங்கிவிடலாம். அறிக்கை தமிழ்நாட்டுக்கானது, உண்மைதான். கோட்டக்குப்பத்தில் கால் வைத்தாலே தமிழ்நாடு. அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் அவற்றைப் பின்பற்றுவதை யாரும் தடுக்கப் போவதில்லை.

புதுச்சேரிக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. 2023-24 கல்வியாண்டில் இங்குள்ள அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறின. தமிழில் படித்து வந்த பிள்ளையின் கையில் ஆங்கில அறிவியல் புத்தகம் வந்தது. சந்தேகத்தைத் தமிழில் கேட்டால் ஆசிரியர் முகம் சுளிப்பாரோ என்று பயந்தே வாய்மூடிப் போகிற பிள்ளையை மந்தம் என்று முடிவு கட்டிவிடுவது எளிது. வகுப்பில் தமிழில் கேட்கலாம், தமிழில் விளக்கலாம் என்று தலைமையாசிரியர் ஆசிரியர் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பாடத்திட்ட மாற்றம் நல்லதா கெட்டதா என்ற வாதம் ஒரு பக்கம் நடக்கட்டும். அது முடியும்வரை இந்தப் பிள்ளை காத்திருக்க முடியாது.

தலைமைக்கு அவ்வளவு செல்வாக்கு உண்டா? கல்வி ஆய்வாளர் கெனத் லீத்வுட் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, மாணவர் கற்றலைத் தீர்மானிக்கும் பள்ளிசார் காரணிகளில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடத்தைத் தலைமைக்குத் தந்தது. ஆனால் நம் தலைமையாசிரியர்களின் நாள் பெரும்பாலும் புள்ளிவிவரப் படிவங்களிலும் சுற்றறிக்கைகளுக்குப் பதில் எழுதுவதிலும் கரைகிறது. இடைவேளையில் அவர் வராந்தாவில் நடந்தால்தான் தனியே சாப்பிடும் பிள்ளை கண்ணில் படும். அந்த நேரத்தை அவருக்கு மீட்டுத் தருவது கல்வித் துறையின் பொறுப்பு.

பெற்றோர் கையிலும் ஒரு பிடி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால்வாசிப் பேர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கும் உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. குழுக் கூட்டங்களில் பெரும்பாலும் கட்டடம், கழிப்பறை, குடிநீர் பற்றியே பேச்சு நடக்கிறது. அவையும் தேவைதான். அடுத்த கூட்டத்தில் இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: செக்‌ஷன்களை எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்? உதவித்தொகை விவரத்தைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்கிறீர்கள்? ஒரு வாரம் வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் போகிறார்கள்?